குவளை வந்தது, பலகை?

சுருட்டு! சொல் தமிழ். சுருட்டிய கை தமிழன் கை. சுவைத்த வாய் மட்டும் சீமைத் துரையின் வாய்!

ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'செரூட்' என்றொரு சொல் அகப்படுகிறது. அதன் பிறப்பிடம் எது என்று மொழியறிஞரைக் கேட்டால், தமிழ்ச் சொல்லான 'சுருட்டு'தான் என்கிறார்கள். 1887ஆம் ஆண்டு கோனன் டாயில் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்ட துப்பறிவாளன், இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று அடையாளம் கூறுகிறான். உறையூர்த் தெருவிலும் திண்டுக்கல் பட்டறையிலும் நம்மவர் விரல் நோகச் சுருட்டிய இலை, இலண்டன் மாநகர்வரை சென்று புகைந்திருக்கிறது. பெருமைப்படலாம். பெருமைப்படுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வோம். அந்தச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு துரைமார்கள் சாய்ந்திருந்த கூடத்திற்குள், அதைச் சுருட்டியவன் நுழைய முடிந்ததா?

முடியவில்லை. 1832ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் கிளப்பில், வெள்ளையர் ஆட்சி உள்ளளவும் இந்தியருக்கு உறுப்பினர் உரிமை கிடையாது. தட்டேந்தி வரலாம், விசிறி இழுக்கலாம், சாம்பற் கிண்ணத்தைத் துடைக்கலாம், நாற்காலியில் அமரலாகாது! பொருள் வேண்டும், பொருளைச் செய்தவன் வேண்டாம். உழைப்பு இனிக்கிறது, உழைத்தவன் உடல் கசக்கிறது. வெள்ளைத் துரையின் நீதி இப்படி இருந்தது.

துரைமார்கள் கப்பலேறிவிட்டனர். துரைத்தனம் மட்டும் கப்பலேற மறுத்துவிட்டது. இன்று பெருநகரங்களின் நட்சத்திர விடுதிகளில் சுருட்டுக்கென்றே தனிக்கூடம் அமைக்கிறார்கள். தோல் தைத்த சாய்வு நாற்காலி, மங்கலான விளக்கு, மெல்லிய இசை, மணமுள்ள மரப்பேழை. அந்தப் பேழைக்குள் ஈரப்பதம் நூற்றுக்கு 70 அளவில் இருந்தாக வேண்டுமாம். குறைந்தால் இலை உலர்ந்து நொறுங்குமாம். மிகுந்தால் பூஞ்சணம் பூக்குமாம். அதை அளந்து காட்டப் பேழைக்குள்ளேயே ஒரு கருவி! இலை வாடக்கூடாதென்று எத்துணைக் கவலை! இலையைப் பறித்தவன் வாடினானா, சுருட்டியவள் இருமினாளா என்று அளந்து காட்டும் கருவியை மட்டும் இதுவரை யாரும் செய்யக் காணோம்.

அத்தகைய கூடங்களுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு அளவுகோல் கொண்டு அவற்றை மதிப்பிடுகிறார்கள். சூழல் எப்படி? உபசரிப்பு எப்படி? நல்ல அளவுகோல்கள்தாம். அவற்றை இரவல் வாங்கிக்கொண்டு நாம் நமது ஊர்ப்பக்கம் திரும்பினோம். பள்ளியில் பாடம் நடத்திப் பிழைக்கும் நமக்கு மதிப்பெண் போடுவதென்பது பழகிப்போன வேலை.

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நாம் தேடிப்போனது ஏழையின் சுருட்டுக் கூடத்தை. அதற்குத் தேநீர்க் கடை என்று பெயர். அதுவே அவனுக்கு மன்றம், அதுவே படிப்பகம், அதுவே வழக்காடும் அவை. அரசியலை அவன் அறிந்தது அங்கே. நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க ஒன்பது பேர் செவிமடுத்த பலகை அங்கே. நமது நாட்டில் புதிய கருத்துகள் பல பரவியது மேடையினால் மட்டுமன்று. தேநீர்க் கடைப் பலகையினாலும், முடிதிருத்தகத்து நாற்காலியினாலும்தான். ஆகவே அந்தப் பலகை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, நாடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குச் சமம்.

முதற்கடை, இராசபாளையத்தில். 1936ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா அங்கே பஞ்சாலை நிறுவினார். பிறகு ஆலைகள் பெருகின. ஆலை பெருகிய இடத்தில் இரவுப்பணி வந்தது. இரவுப்பணி வந்த இடத்தில் விடியற்காலைத் தேநீர்க் கடை வந்தது. ஆலைச் சாலையொன்றிலிருந்த அத்தகைய கடைக்குள், மேற்கு மலையின்மீது வெளிச்சம் படரத் தொடங்கிய வேளையில் நுழைந்தோம்.

பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒரு கையை உயர்த்தி ஒரு கையைத் தாழ்த்தித் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். இரவுப்பணி முடித்தவர்கள் தலைமுடியில் பஞ்சுத்தூசியோடு வந்தார்கள். இளைஞர் தலையும் நரைத்ததுபோல் தெரிந்தது. ஒரே நாளிதழ் நான்கு தாளாகப் பிரிந்து நான்கு கைகளில் இருந்தது. கைப்பேசி எல்லோரிடமும் உண்டு. இருந்தும் தாளுக்குக் கைநீட்டிக் காத்திருந்தவர் இருவர். யாரும் யாரையும் எழச் சொல்லவில்லை. இடம் இருந்தால் அமர்ந்தார்கள். இல்லாவிடில், "தள்ளி உக்காருங்கண்ணே" என்று கேட்டு அமர்ந்தார்கள். எவர் எந்தத் தெருவினர் என்று பலகை கேட்கவில்லை. ஆலைச் சங்கு சாதி பார்த்து ஊதுவதில்லை; இரவெல்லாம் ஒரே நூற்புக்கூடத்தில் அருகருகே நின்றவர்களைக் காலையில் பலகைமட்டும் பிரித்துவைக்க முடியுமா? அறிவுரை செய்ய முடியாததை ஆலைப்பணி செய்திருக்கிறது. உபசரிப்புக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டோம்.

முழு மதிப்பெண் போடாததற்குக் காரணம் உண்டு. அதே ஆலைகளிலிருந்து பெண்களும்தான் வெளியே வந்தார்கள். அதே இரவு, அதே பஞ்சுத்தூசி, அதே அலுப்பு. ஒருவரும் பலகையில் அமரவில்லை. தூக்குவாளியை நீட்டினார்கள், வாங்கினார்கள், நடந்தார்கள். அமர்ந்தால் யார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு முன்னாலேயே வந்து அந்த இடத்தில் அமர்ந்துகொண்டிருக்கிறது!

இனிச் சூழல். கடைச் சுவரில் புகைபிடித்தல் குற்றம் என்று ஒரு பலகை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்தன. உணவகம், சிற்றுண்டிச்சாலை போன்ற பொது இடங்களில் புகைபிடிக்கலாகாது. மீறினால் 200 ரூபாய்வரை தண்டம். அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில் அறிவிப்பு இருந்தாக வேண்டும். சாம்பற் கிண்ணமோ தீப்பெட்டியோ வைத்துக் கொடுக்கலாகாது. இவ்வளவும் விதி. நாம் கண்டதோ, அந்த அறிவிப்புக்கு நேர் கீழே தொங்கிய தேங்காய்நார்க் கயிறு. அதன் நுனியில் அணையாத கனல். பீடியை வாயில் வைத்தவர் குனிந்து, கயிற்றின் நுனியைப் பற்றி, இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணுக்கு நேரே அறிவிப்பு. மேலே சட்டம், கீழே நெருப்பு, நடுவிலே குடிமகன்!

இதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. 30 அறைகளுக்குக் குறையாத விடுதியும், 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகமும் புகைப்பதற்கெனத் தனியிடம் அமைத்துக்கொள்ளலாம். சீமானுக்குச் சட்டம் அறை கட்டித் தருகிறது. கூலிக்காரனுக்குச் சீட்டு எழுதித் தருகிறது. இதைச் சொல்வதனால், கூலிக்காரனுக்கும் ஓர் அறை கட்டுங்கள் என்று நாம் கேட்பதாக எண்ணவேண்டாம். புகை யார் மார்புக்குள் போனாலும் புகைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புகையிலை கொன்றுகொண்டிருக்கிறது. இந்தியாவில் 2016-17இல் எடுத்த கணக்கில், வயதுவந்தோரில் நூற்றுக்கு 28.6 பேர் புகையிலையை ஏதோவொரு வடிவில் பயன்படுத்துவதாகத் தெரிந்தது.

பகுத்தறிவு பேசும் தோழர்களுக்கு இங்கே ஒரு சொல். கற்பூரப் புகையைப் பார்த்து, இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கத் துணிந்தவர்கள் நீங்கள். சிகரெட்டுப் புகையைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கவேண்டாமா? ஒரு புகைக்கு விலக்கு, ஒரு புகைக்கு வணக்கம் என்றால் அது என்ன பகுத்தறிவு? பள்ளியிலிருந்து 100 கெஜ எல்லைக்குள் புகையிலைப் பொருள் விற்கலாகாது, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் கெஜக்கோலால் அளக்கிறது. சிறுவனோ தன் அண்ணனைப் பார்த்து அளக்கிறான். மேடையேறி முழங்கும் இளைஞன் கீழிறங்கியதும் பற்றவைத்தால், முழக்கம் மறந்துபோகும், பற்றவைத்தது நினைவில் நிற்கும்.

அந்தப் பீடியின் வழியையும் கொஞ்சம் பார்ப்போம். இலை, நடு இந்தியக் காடுகளிலிருந்து வருகிறது. அதை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, தென்காசி மாவட்டத்துப் பெண்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையில், ஆயிரத்துக்கு இத்தனை என்று கூலி பேசி உழைக்கிறார்கள். பற்றவைக்கும் தீக்குச்சியோ நமது மாவட்டத்துச் சிவகாசியும் சாத்தூரும் தந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென 1966ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேலைநேரம், ஓய்வு, விடுமுறை எல்லாம் அதில் இடம்பெற்றன. திண்ணைக்கு ஏது வேலைநேரம்? மடிக்கு ஏது விடுமுறை? உறையூர்ச் சுருட்டுக்காரனுக்குக் கிளப்பில் நாற்காலி இல்லாதிருந்தது போலவே, பீடி சுற்றும் தாய்க்கும் தேநீர்க் கடையில் பலகை இல்லை. கூடம் மாறியது, குணம் மாறவில்லை.

இரண்டாவது கடை, திருவில்லிபுத்தூரில். இராசபாளையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட கோபுரத்தை அண்ணாந்து பார்க்க மக்கள் வரும் ஊர். பால்கோவா வாங்காமல் எவரும் திரும்பாத ஊர். 2019ஆம் ஆண்டு அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோபுரத்துக்கு அண்மையிலிருந்த ஒரு பால்கோவாக் கடையில் நின்றோம். விறகடுப்பில் பால் சுண்டும் மணம். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேர்க்கவில்லை என்று கடைக்காரர் பெருமையோடு கூறினார். காரில் வந்தவருக்கும் அரைக்கிலோ, கூடை சுமந்து வந்த அம்மையாருக்கும் நூறு கிராம். இருவரிடமும் ஒரே விலை, ஒரே தாள், ஒரே "வாங்கம்மா". மனம் மகிழ்ந்தது.

மகிழ்ந்த மனம் சற்று யோசிக்கவும் செய்தது. இந்தக் கடையில் சமத்துவம் எப்படி எளிதாயிற்று? இங்கே யாரும் உட்காருவதில்லை! வாங்குகிறார்கள், போகிறார்கள். பொட்டலம் வீட்டுக்குப் போகிறது. எவரும் எவருடைய தோளையும் உரசி அமர்ந்து உண்பதில்லை. நின்று வாங்கும் கடையில் காசு மட்டும் பேசுகிறது. காசுக்குச் சாதி தெரியாது. உட்கார்ந்து குடிக்கும் கடையில்தான் மனிதன் பேசவேண்டியிருக்கிறது. சோதனை அங்கேதான். தோளும் தோளும் உரசாத இடத்தில் கிடைக்கும் மரியாதை வணிகத்தின் மரியாதை. அதனை வேண்டாம் என்று தள்ளமாட்டோம், அதுவே போதும் என்றும் சொல்லமாட்டோம்.

மூன்றாவது கடைக்கு மதிப்பெண் போடும் எண்ணத்தோடு நாம் போகவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே, பெருஞ்சாலையிலிருந்து விலகி உள்ளே போகும் ஒரு சிற்றூர். பத்து நாளாகப் பள்ளிக்கு வராத மாணவன் ஒருவனைத் தேடிப் போயிருந்தோம். காய்ச்சல், தேறி வந்துகொண்டிருந்தான். அவனுடைய தந்தை மாந்தோப்புகளில் கூலிவேலை செய்பவர்; நம்மைவிட இருபது வயது மூத்தவர். பேருந்து வரும்வரை உடன் வந்து நின்றார். "வீடு தேடி வந்திருக்கீங்க. ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார். மறுக்க மனம் வரவில்லை. நிறுத்தத்தருகே ஒரேயொரு கடை.

நம்மைக் கண்டதும் கடைக்காரர் பலகையைத் துணியால் துடைத்தார். "உக்காருங்க சார்." அமர்ந்தோம். நமக்குக் கண்ணாடிக் குவளையில் நுரை பொங்கத் தேநீர் வந்தது. திரும்பிப் பார்த்தோம். நமது மாணவனின் தந்தை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வயதில் இளையவரான கடைக்காரர் அவரைப் பார்த்து, "இந்தா, பிடி" என்று காகிதக் குவளையை நீட்டினார். காசு கொடுத்தவர் அவர்! நமது குவளைக்கும் சேர்த்துக் கொடுத்தவர் அவர்! விருந்தினனுக்குப் பலகை, விருந்து வைத்தவருக்கு வெயில்.

எழுந்து போய் அவரருகே நின்றுகொண்டோம். கடைக்காரரிடம், சினமின்றியே, ஏன் இரண்டு விதம் என்று கேட்டோம்.

"சுத்தத்துக்குத்தான் சார். பேப்பர் கப்புன்னா கழுவ வேண்டாம்ல?"

"அப்போ எல்லாருக்கும் அதிலேயே குடுக்கலாமே?"

"உங்களுக்கு எதுக்கு சார் அது? நீங்க கிளாஸ்லயே குடிங்க."

தோழர்களே, இந்த மூன்று வரியையும் நன்றாகப் பாருங்கள். பழைய நாளில் சிரட்டை நீட்டினார்கள். பிறகு தனிக்குவளையை ஆணியில் மாட்டிவைத்தார்கள். அது குற்றம் என்று ஊர் அறிந்தபின், இன்று காகிதக் குவளையைத் தூய்மையின் பெயரால் நீட்டுகிறார்கள். தூய்மை நல்லதே, விஞ்ஞானமே! ஆனால் நோய்க்கிருமி சாதிச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகா ஒட்டிக்கொள்கிறது? தூய்மைதான் நோக்கமென்றால் ஆசிரியர் வாய்க்கும் காகிதம். கூலிக்காரர் வாய்க்கும் காகிதம். இல்லையேல் இருவர் குவளையையும் கொதிநீரில் கழுவலாம். பாய்லர் அருகேதான் இருக்கிறது. ஒருவருக்குக் கண்ணாடியும் ஒருவருக்குக் காகிதமும் என்றால், அங்கே வேலை செய்வது விஞ்ஞானமா, பழைய விஷமா? சாதி அறிவியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அந்தக் கடையிலும் ஒரு கயிறு தொங்கியது. தேநீரைக் குடித்து முடித்ததும் மாணவனின் தந்தை குனிந்து அதே கயிற்றில் பீடியைப் பற்றவைத்தார். அடுத்த நொடி, பலகையில் அமர்ந்திருந்தவர் எழுந்து வந்து அதே நுனியில் தமது பீடியையும் பற்றவைத்தார். கயிற்றுக்குத் தீட்டில்லை! கனலுக்குத் தீட்டில்லை! இருவர் மார்புக்குள்ளும் ஒரே நஞ்சு புகுந்தது, அதில் பேதமில்லை. தேநீரில் மட்டும் பேதம். நஞ்சைப் பங்கிடுவதில் சமத்துவம். நல்லதைப் பங்கிடுவதில் சாதி! இப்படியோர் ஏற்பாட்டை வேறு எந்த நாட்டில் காண்பது?

சட்டத்தைச் சொல்லி வாதாட நாம் வாய் திறந்தோம். சொல்ல நிறையவே இருந்தது. 1950 சனவரி 26 முதல் நடப்பிலிருக்கும் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் நுழைய எவருக்கும் சாதியால் தடையில்லை என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவிக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலே, பொது உணவகத்தின் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமை என்றே தனியாக எழுதப்பட்டிருக்கிறது. குவளையைப் பற்றி நாடாளுமன்றம் சிந்தித்து முடித்து எழுபது ஆண்டுகளாயின! 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்கும் மேலே.

நமது கையை மெல்லப் பற்றினார் அவர். கடையிலிருந்து சற்று விலகி வந்ததும் சொன்னார்: "விடுங்க சார். நாளைக்கு நீங்க உங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருவீங்க. நாளைக்கும் நான் இங்கதான் வரணும். இவர் கடையில பாக்கி வேற நிக்குது."

அறிவாளிகளின் வீரத்துக்கு அவர் வைத்த தேர்வு அது. நாம் முழங்கிவிட்டுப் பேருந்தேறலாம். முழக்கத்தின் விலையை யார் கொடுப்பது? அரிசி கடன் தரும் கடை அது ஒன்றே. வேலைக்கு ஆள் சொல்லியனுப்பும் தோட்டக்காரர்கள் அமரும் பலகையும் அதுவே. ஒருவனுடைய சோற்றைப் பணயம் வைத்து இன்னொருவன் வீரனாவது சீர்திருத்தமாகாது.

அதற்காகச் சும்மா இருந்துவிடலாமா? கூடாது. இந்த நாட்டில் பலகைகள் எப்படிக் கீழிறங்கின என்று எண்ணிப் பார்த்தோம். தொடர்வண்டி நிலையத்து உணவுக்கூடங்களில் பிராமணருக்குத் தனியிடம், ஏனையோருக்குத் தனியிடம் என்றிருந்த ஏற்பாடு, சுயமரியாதை இயக்கத்தாரின் இடைவிடாத எதிர்ப்பினால் 1941ஆம் ஆண்டு ஒழிந்தது. 1957ஆம் ஆண்டு, சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் தொடங்கினார். ஒரு சொல்லை அகற்ற மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் போனார்கள், கைதானார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள் போனார்கள். சொல் அகன்றது. அங்கெல்லாம் தனியொருவன் மார்தட்டியதாக வரலாறு இல்லை. பலர் போனார்கள், மறுபடி மறுபடி போனார்கள். பாதிக்கப்பட்டவனை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே ஒளியாமல், தாமே முன்னே நின்றார்கள். அந்தப் பாடத்தைத்தான் படித்தோம்.

முதலில் அவரையே கேட்டோம். பாக்கியைத் தீர்க்க இரண்டு வாரம் வேண்டும் என்றார். தீர்த்தார். பிறகு, "நாலு பேரா வந்தா நானும் வாரேன் சார்" என்றார். இராசபாளையத்து ஆலைக் கடையில் பழக்கமான ஒரு தொழிலாளி, கல்லூரி மாணவர் இருவர், நாம், மாணவனின் தந்தை, அவருடைய மைத்துனர். ஆக ஆறு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஆலைத்தொழிலாளி, கடைக்காரருக்குத் தூரத்து உறவு, தம்பி முறை. இரவுப்பணியில் தம்மோடு நிற்பவர்களுடன் ஒரே பலகையில் அமர்ந்து பழகிய அவருக்கு இது பெரிய செய்தியாகவே படவில்லை. நேரே போய்ச் சொன்னார்: "அண்ணே, ஆறு டீ. ஆறும் கிளாஸ்ல."

கடைக்காரர் ஆறு பேரையும் பார்த்தார். பாய்லர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஏதும் சொல்லாமல் ஆறு குவளைகளை வரிசையாக வைத்து ஊற்றினார். பலகையில் இருந்த இருவர் தம் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாளே திரும்பி வந்துவிட்டார்களாம். சாதி பெரிதுதான், அடுத்த தேநீர்க் கடை மூன்று கிலோமீட்டர் அல்லவா!

ஒரு மாதம் கழித்து மாணவனின் தந்தையைக் கண்டோம். ஆவலோடு விசாரித்தோம். "கிளாஸ்லதான் குடுக்காரு சார். இப்ப கேக்கவே வேண்டாம், அவரே எடுத்து ஊத்துறாரு" என்றார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. பலகை? என்று கேட்டோம். சிரித்தார். "அது இன்னும் இல்ல சார். நின்னுக்கிட்டே குடிச்சிருதேன்."

குவளை வந்தது, பலகை வரவில்லை. ஏன் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. குவளை இரண்டு நிமிடத்தில் கைமாறிவிடும், கழுவி வைத்துவிடலாம். பலகையில் தோள்மேல் தோள் படவேண்டும். குவளையைக் கழுவலாம், தோளைக் கழுவ முடியாதே என்று சாதி அஞ்சுகிறது. பலகையில் அமர்ந்தவன் நாளிதழின் தாளைக் கேட்பான். தாளைப் படித்தவன் கருத்துச் சொல்வான். கருத்துச் சொல்பவனை 'இந்தா, பிடி' என்று கூப்பிட முடியாது. ஒன்றரை அடி உயரப் பலகைதான். 192 அடிக் கோபுரத்தின்மீது ஏறுவதைவிடக் கடினமாக அல்லவா இருக்கிறது அதன்மீது அமர்வது!

இப்போது மதிப்பெண் போடலாம். ஆலைக் கடைக்குச் சமத்துவத்தில் நல்ல மதிப்பெண். பெண்களுக்குப் பலகை கிடைத்தபின் மிச்சத்தைக் கொடுப்போம். பால்கோவாக் கடைக்குத் தேர்ச்சி. அதற்கு வைக்கப்பட்ட தேர்வு எளிது என்ற குறிப்போடு. மூன்றாவது கடைக்குப் பாதி. கயிறு தொங்கும் கடை எதுவானாலும், அதை அறுத்த பிறகே சூழலுக்கு மதிப்பெண்.

தோழர்காள்! சீமான்கள் தங்கள் கூடத்தில் இருக்கையின் மென்மையையும் விளக்கின் அழகையும் அளந்துகொள்ளட்டும். நீங்கள் உங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்குப் போங்கள். எவர் அமர்கிறார், எவர் நிற்கிறார் என்று பாருங்கள். எவர் கையில் எந்தக் குவளை என்று பாருங்கள். எவரை 'வாங்க' என்கிறார்கள், எவரை 'வா' என்கிறார்கள் என்று செவிகொடுத்துக் கேளுங்கள். சூழலும் உபசரிப்பும் அந்த மூன்றிலும் அடங்கிவிடும். குறை கண்டால், நிற்பவரைக் கேளுங்கள், அவர் இசைந்தால், நால்வராகப் போங்கள், ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள். சீமான் வீட்டுச் சுருட்டுப் பேழையைப்போல் நம்மிடம் ஈரம் அளக்கும் கருவி இல்லை. நெஞ்சில் ஈரம் இருக்கிறது; அது போதும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரும் மீண்டும் போகிறோம். கல்லூரி மாணவர் ஒருவர் தம் தங்கையையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்; ஆக ஏழு பேர். இம்முறை முதலில் உட்காருவோம். தேநீரைப் பிறகு கேட்போம்.